பழுது எங்கே ஒளிந்திருக்கிறது?

ரயில் நிலைய நடைமேடைகளில் முன்பெல்லாம் ஓர் எடைப் பொறி நிற்கும். ஆள் உயரத்துக்கும் மேலான பெட்டி. கண்ணாடி முகத்துக்குப் பின்னால் சிவப்பும் பச்சையுமாக மின்னும் சிறு விளக்குகள். நடுவில் சுழலும் வண்ணத் தட்டு. மேடைமீது ஏறி நின்று, சுழற்சி நின்றபின் காசு போட்டால் 'டக்' என்று ஒரு சிறிய அட்டை விழும். அதில் நம் எடை அச்சாகியிருக்கும்; அத்துடன் ஓர் அதிர்ஷ்டப் பலனும் இருக்கும். இன்று இப்பொறிகள் அரிதாகிவிட்டன. உங்கள் பெற்றோரைக் கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். என்னிடமும் ஒரு கதை இருக்கிறது.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது, மாமாவுடன் சேலம் செல்ல ஒரு ரயில் நிலையத்தில் காத்திருந்தேன். காசு போட்டேன், விளக்குகள் மின்னின, அட்டை வரவில்லை. மாமா பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். பயனில்லை. அப்போது தோல் பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு பொறியைப் பார்வையிட வந்த மெக்கானிக், "தட்டாதீங்க ஐயா, அதுகிட்டக் கேட்போம்" என்றார். கேட்டது என்னவோ என்னிடம்தான்.

"தம்பி, நீ ஏறினதும் தட்டு சுத்துச்சா?"

"சுத்துச்சுங்க."

"காசு போட்டதும் உள்ளே 'டக்'குன்னு சத்தம் வந்ததா?"

"வந்ததுங்க."

"அப்போ கரண்டு நல்லா இருக்கு. காசும் போய்ச் சேர்ந்திருச்சு. அட்டை வர்ற வழியிலேதான் ஏதோ நிக்குது."

பொறி முழுவதையும் அவர் பிரிக்கவில்லை. கீழே இருந்த சிறு கதவை மட்டும் திறந்தார். ஈரத்தில் ஊறிப் பருத்த அட்டை ஒன்று சரிவுப் பாதையில் சிக்கியிருந்தது. அதை இழுத்ததும் என் அட்டையும் விழுந்தது. மொத்தம் ஐந்து நிமிட வேலை.

மாணவர்களே, அன்று அவர் செய்தது கைவேலை மட்டுமன்று. திருப்புளியை எடுப்பதற்கு முன்பே, இரண்டே கேள்விகளில் பொறியின் பெரும்பகுதியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார். பழுது பார்ப்பதன் உயிர்நாடி இதுதான். காசு போட்டால் இயங்கும் விளையாட்டுப் பொறிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இக்கலையையும் அதன் பின்னுள்ள இயற்பியலையும் இக்கட்டுரையில் காண்போம்.

பின்பால் மேசை

எடைப் பொறியின் பெரிய குடும்பத்தில் மிகவும் புகழ்பெற்ற உறவினர் 'பின்பால்' என்னும் விளையாட்டு மேசை. நம் மாவட்டத்தில் இதை நேரில் கண்டவர்கள் மிகச் சிலரே இருப்பர். ஆனால் விண்டோஸ் எக்ஸ்பி இருந்த பழைய கணினிகளில் 'ஸ்பேஸ் கேடட்' என்ற பின்பால் விளையாட்டை உங்கள் ஆசிரியர்கள் பலர் ஆடியிருப்பார்கள். திரையில் ஓடிய அந்தப் பந்துக்கு உண்மையான இரும்பும் தாமிரமும் கொண்ட ஒரு மூதாதை உண்டு.

சரிவான பலகை, அதன்மீது உருளும் எஃகுக் குண்டு, குண்டு மோதினால் மணி அடித்து எண் கூடும் முளைகள். குண்டு கீழே விழுந்துவிடாமல் தட்டி மேலே அனுப்ப இரண்டு துடுப்புகள். இவற்றை 'ஃபிளிப்பர்' என்பர். இதுவே பின்பால்.

1871-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் மான்டேகு ரெட்கிரேவ் என்பவர், குண்டைச் சுருள்வில்லால் உந்தும் மேசைக்குக் காப்புரிமை பெற்றார். 1930-களில் சிகாகோ நகரம் இத்தொழிலின் தலைநகரமாயிற்று. மேசைக்குள் மின்சாரமும் புகுந்தது. 1947-இல் காட்லீப் நிறுவனத்தின் 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற மேசையில் ஹாரி மாப்ஸ் என்ற வடிவமைப்பாளர் மின்சாரத் துடுப்புகளை வைத்தார். அதுவரை பெரிதும் அதிர்ஷ்டத்தை நம்பியிருந்த ஆட்டம், கைத்திறன் ஆட்டமாக மாறியது. 1970-களின் பிற்பகுதியில் நுண்செயலி என்னும் கணினிச் சில்லு உள்ளே வந்து எண்ணும் வேலையை ஏற்றுக்கொண்டது.

முதலில் தரையைப் பார்

மேசையின் சரிவு பொதுவாக 6.5 டிகிரி அளவில் இருக்கும். குண்டு உராய்வின்றிச் சறுக்கினால் அதன் முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தைச் சரிவுக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கக் கிடைக்கும். 9.8 × 0.113 = சுமார் 1.1 மீட்டர்/விநாடி². ஆனால் குண்டு சறுக்குவதில்லை, உருள்கிறது. திண்மக் கோளம் உருளும்போது ஆற்றலில் ஒரு பகுதி சுழற்சிக்குப் போய்விடுவதால், ஏழில் ஐந்து பங்கு முடுக்கமே கிடைக்கும். அதாவது சுமார் 0.8 மீட்டர்/விநாடி². ஓய்விலிருந்து புறப்பட்டு ஒரு மீட்டர் உருள ஏறத்தாழ 1.6 விநாடி ஆகும். ஆடுபவர் யோசித்துச் செயல்பட இந்நேரம் போதும்.

மேசையின் பின்கால்கள் சற்றே உயர்ந்து சரிவு ஒரு டிகிரி கூடிவிட்டால் முடுக்கம் சுமார் 0.9 ஆகிவிடும். "பொறி கெட்டுவிட்டது, குண்டு மிக வேகமாய் ஓடுகிறது" என்ற புகார் வரும். இதில் பொறியின் பழுது எதுவும் இல்லை, தரைதான் சமமில்லை.

இன்னொரு புகாரையும் பாருங்கள். "ஆட்டம் நடுவிலேயே நின்றுவிடுகிறது." மேசையைப் பிடித்து உலுக்கி ஏமாற்றுபவர்களைக் கண்டுபிடிக்க உள்ளே ஓர் ஊசல் தொங்கும். ஊசல் குண்டைச் சுற்றி, தொடாமல், ஓர் உலோக வளையம் இருக்கும். மேசையை உலுக்கினால் குண்டு வளையத்தைத் தொடும், மின்சுற்று மூடும், ஆட்டம் நிற்கும். மேசை ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் என்ன ஆகும்? வளையம் மேசையோடு சாயும். ஊசலோ புவியீர்ப்பின் திசையில் செங்குத்தாகவே தொங்கும். இடைவெளி ஒரு பக்கம் குறைந்து, சிறு அதிர்வுக்கும் குண்டு வளையத்தைத் தொட்டுவிடும். இதற்கும் காரணம் தரைதான்!

ஆகவே இத்தொழில் தெரிந்தவரின் பையில், கொத்தனார் வைத்திருப்பதைப் போன்ற ஒரு ரசமட்டம் கட்டாயம் இருக்கும். எளிய காரணத்தை முதலில் பார்த்து நீக்கிவிட வேண்டும் என்பது முதல் விதி.

இவ்விதிக்கு வரலாற்றில் ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. 1972-இல் அட்டாரி நிறுவனத்துக்காக ஆலன் அல்கார்ன் என்ற பொறியாளர் 'பாங்' என்ற வீடியோ விளையாட்டுப் பொறியை உருவாக்கினார். முதல் பொறியை கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரில் 'ஆண்டி கேப்ஸ்' என்ற விடுதியில் வைத்தார்கள். சில நாள்களில் பொறி நின்றுவிட்டதாகத் தகவல் வந்தது. புதிய மின்னணுச் சுற்றில் எங்கே கோளாறோ என்ற கவலையோடு வந்த அல்கார்ன் காசுப் பெட்டியைத் திறந்தார். பெட்டி நிறைந்து வழிந்து, மேற்கொண்டு காசு விழ இடமில்லாமல் காசு வாங்கும் அமைப்பே அடைத்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பேர் ஆடியிருந்தார்கள்! சுற்றுப் பலகையைக் கழற்றுவதிலிருந்து அவர் வேலையைத் தொடங்கியிருந்தால் எவ்வளவு நேரம் வீணாகியிருக்கும்?

ஒரே ஸ்விட்ச், இரண்டு நோய்கள்

இப்போது துடுப்புக்கு வருவோம். ஆடுபவர் பொத்தானை அழுத்தியதும் துடுப்பு 'சட்'டென்று எழுந்து குண்டை அடிக்கிறது. அதை இயக்குவது நீங்கள் பாடத்தில் படித்த வரிச்சுருள். கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாயும்போது அது காந்தமாகி, ஓர் இரும்புத் தண்டை உள்ளே இழுக்கிறது. அத்தண்டு துடுப்பைத் திருப்புகிறது.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. துடுப்பு வலுவாக அடிக்க மிகுந்த மின்னோட்டம் வேண்டும். ஆனால் ஆடுபவர் பொத்தானை அழுத்தியபடியே குண்டைத் துடுப்பின்மேல் நிறுத்தி வைத்திருந்தால், அதே மின்னோட்டம் சுருளைப் பொசுக்கிவிடும். பொறியாளர்கள் இதற்குக் கண்ட வழி அழகானது.

தடித்த கம்பியாலான ஒரு சுருள், மெல்லிய கம்பியாலான ஒரு சுருள் ஆகிய இரண்டும் தொடராக இணைந்துள்ளன. மெல்லிய சுருளின் இரு முனைகளையும் ஒரு ஸ்விட்ச் குறுக்கே இணைக்கிறது. துடுப்பு கீழே இருக்கும்வரை அந்த ஸ்விட்ச் மூடியிருக்கும். மின்னோட்டம் மெல்லிய சுருளைத் தவிர்த்து ஸ்விட்ச் வழியே எளிதாகப் போய்விடும். துடுப்பு முழுவதும் எழுந்ததும், அதுவே அந்த ஸ்விட்சைத் தள்ளித் திறந்துவிடும். அதன்பின் மின்னோட்டம் இரண்டு சுருள்கள் வழியாகவும் போயாக வேண்டும்.

ஓம் விதியைக் கொண்டு கணக்கிடுவோம். மின்னழுத்தம் 50 வோல்ட், தடித்த சுருள் 4 ஓம், மெல்லிய சுருள் 156 ஓம் என்று கொள்க.

அடிக்கும்போது: 50 ÷ 4 = 12.5 ஆம்பியர். திறன் 50 × 12.5 = 625 வாட். இது ஒரு வீட்டு மிக்ஸியின் திறன்!

தாங்கி நிற்கும்போது: 50 ÷ 160 = சுமார் 0.31 ஆம்பியர். திறன் சுமார் 15.6 வாட். ஒரு சிறு இரவு விளக்கின் அளவு.

தூண்டல் விளைவு காரணமாக உண்மையில் மின்னோட்டம் ஒரே கணத்தில் இந்த அளவை எட்டுவதில்லை. எனினும் இரு நிலைகளுக்கும் உள்ள வேறுபாடு எத்தகையது என்பது விளங்குகிறது, நாற்பது மடங்கு!

இனி நோய்க்கு வருவோம். அந்தச் சிறு ஸ்விட்ச் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 625 வாட் தொடர்ந்து பாயும். சுருள் சுடும்; கம்பிப் பூச்சு கருகும் வாடை வரும்; ஃபியூஸ் போகும். மாறாக, அதே ஸ்விட்சின் முனைகளில் அழுக்கேறி மூட வேண்டிய நேரத்தில் மூடவில்லை என்றால், தொடக்கத்திலிருந்தே 0.31 ஆம்பியர்தான் கிடைக்கும். துடுப்பு சோம்பலாக அசையும். குண்டு பாதி தூரம் போய்த் திரும்பும்.

ஒரு மேசையில் சுருள் கருகுகிறது. இன்னொன்றில் துடுப்பு தளர்ந்து கிடக்கிறது. பார்வைக்கு இரண்டும் எதிர் எதிரான கோளாறுகள். குற்றவாளியோ ஒன்றே. அனுபவம் இல்லாதவர் இரண்டு மேசைக்கும் புதிய சுருள் வாங்கி மாட்டுவார். முதல் மேசையில் புதிய சுருளும் கருகும். இரண்டாவதில் புதிய சுருளும் சோம்பிக் கிடக்கும். இயங்கும் விதம் தெரிந்தவர் அந்த ஸ்விட்சைச் சுத்தம் செய்து, இடைவெளியைச் சரிப்படுத்தி இரண்டையும் முடித்துவிடுவார்.

சுத்தம் செய்வதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மிகுந்த மின்னோட்டம் செல்லும் கடினமான முனைகளைச் சிறு அரத்தால் தேய்க்கலாம். ஆனால் குண்டு உரசிச் செல்லும்போது செய்தி மட்டும் அனுப்பும் ஸ்விட்ச்களின் முனைகள் மெல்லிய தங்கப் பூச்சுடையவை. அரம் பட்டால் பூச்சு போய்விடும். அதன்பின் அம்முனை அடிக்கடி கெடும். அதற்குத் தூய கனத்த தாள் ஒன்றை முனைகளுக்கிடையே வைத்து, மெல்ல அழுத்தி இழுத்தாலே போதும்.

பாதியாக வெட்டு

சரி, காரணம் இன்னது என்று ஊகிக்க முடியாத பழுது வந்தால்?

பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டங்களில் சொட்டுநீர்க் குழாய்கள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட குழாயின் கடைசியில் தண்ணீர் வரவில்லை. எங்கோ அடைப்பு. விவரம் தெரிந்த விவசாயி முதல் இணைப்பிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போகமாட்டார். நேரே நடுவில் உள்ள இணைப்பைத் திறப்பார். அங்கே தண்ணீர் வந்தால் அடைப்பு பின்பாதியில்; வராவிட்டால் முன்பாதியில். மீதியுள்ள பாதியின் நடுவை அடுத்துத் திறப்பார்.

மின்சுற்றிலும் இதே முறைதான். பொத்தானிலிருந்து சுருள்வரை 16 கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலி என்று கொள்வோம். ஒவ்வொன்றாகச் சோதித்தால் 15 சோதனைகள்கூட ஆகலாம். நடுவில் தொடங்கினால் 16, 8, 4, 2, 1 என்று நான்கே சோதனைகளில் பழுதுள்ள கண்ணி அகப்பட்டுவிடும். 1,024 கண்ணிகள் இருந்தாலும் பத்துச் சோதனைகள் போதும்!

மின்சாரம் இல்லாமலேயே செய்யக்கூடிய முதல் வெட்டு ஒன்று உண்டு. பொறியை அணைத்து, இணைப்பை நீக்கிவிட்டு, துடுப்பைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். கடினமாக அசைந்தால் கோளாறு இயந்திரப் பகுதியில்: தண்டு தேய்ந்திருக்கலாம், அது ஓடும் குழல் அழுக்கேறியிருக்கலாம். எளிதாக அசைந்தால் கோளாறு மின்பகுதியில். ஒரு விரலால் பாதிப் பொறியை நீக்கியாயிற்று.

பொதுவாக இருப்பது எது?

இன்னொரு முறையும் உண்டு. தெருவில் ஒரு வீட்டில் மட்டும் விளக்கு இல்லையென்றால் அந்த வீட்டு ஃபியூஸைப் பார்க்கிறோம். தெரு முழுவதும் இருண்டால் லைன்மேன் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்க்கிறார். செத்தவை அனைத்துக்கும் பொதுவானது எது என்பதே அவர் கேள்வி.

நுண்செயலி வந்தபின் பின்பால் மேசையின் ஸ்விட்ச்களைக் கட்டம் கட்டமாக இணைத்தார்கள். 8 நெடுக்கைக் கம்பிகள், 8 கிடைக் கம்பிகள். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு ஸ்விட்ச். 16 கம்பிகளால் 64 ஸ்விட்ச்களைக் கவனிக்க முடிகிறது. இத்தகைய மேசையில் ஒரு ஸ்விட்ச் மட்டும் வேலை செய்யாவிட்டால் அதையே பார்க்க வேண்டும். ஒரே வரிசையில் எட்டும் ஒரே நேரத்தில் செத்தால்? எட்டு ஸ்விட்ச்கள் பேசி வைத்துக்கொண்டு ஒன்றாகக் கெடுவதில்லை. எட்டுக்கும் பொதுவான கம்பியோ அதன் இணைப்போ அறுந்திருக்கிறது.

கருவிகள்

இப்போது மெக்கானிக்கின் பையைத் திறந்து பார்ப்போம்.

கண், காது, மூக்கு: விலையில்லாக் கருவிகள் இவை. கருகிய வாடை, நிறம் மாறிய மின்தடை, உப்பிய மின்தேக்கி ஆகியவை பல நேரங்களில் அளவியை எடுக்கும் முன்பே பதிலைச் சொல்லிவிடும்.

டெஸ்டர்: நம் வீடுகளில் உள்ள நியான் திருப்புளி. ஒரு முனையில் மின்னழுத்தம் இருக்கிறது என்பதை மட்டும் இது காட்டும். போதிய மின்னோட்டம் தரவல்ல இணைப்பா என்பதைச் சொல்லாது. தளர்ந்துபோன இணைப்பிலும் இது ஒளிரும்.

மல்டிமீட்டர்: வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் அளக்கும். ஓம் அளக்கும்போது பொறியில் மின்சாரம் இருக்கக் கூடாது. சுருளின் ஒரு முனையைச் சுற்றிலிருந்து பிரித்த பின்பே அளக்க வேண்டும். இல்லாவிட்டால் இணையாக உள்ள மற்றப் பாதைகளின் மின்தடையும் கலந்து பொய்க்கணக்குக் கிடைக்கும். 4 ஓம் காட்ட வேண்டிய சுருள் முடிவிலியைக் காட்டினால் கம்பி அறுந்துள்ளது; 1 ஓமுக்கும் கீழே காட்டினால் உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுள்ளன.

சால்டரிங் அயர்ன்: வெள்ளீயமும் காரீயமும் 60-க்கு 40 என்ற விகிதத்தில் கலந்த பற்றாசு 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி 190 டிகிரி அளவில் முழுதும் உருகும். பற்றாசை மட்டும் உருக்கி மேலே சொட்டவிட்டால் இணைப்பு பிடிக்காது. இணைக்கும் கம்பியும் முனையும் சூடாக வேண்டும். மங்கிய, சொரசொரப்பான பற்றாசு பல நேரங்களில் அரைகுறை இணைப்பின் அடையாளம்.

டையோடு: இது உதிரிப்பாகம்தான் எனினும் எப்போதும் பையில் இருக்கும். சுருளில் மின்னோட்டத்தைத் திடீரென நிறுத்தினால், காந்தப்புலம் சரியும்போது எதிர்த்திசையில் பெரும் மின்னழுத்தம் எழும். லென்ஸ் 1834-இல் வகுத்த விதி இதை விளக்குகிறது. இந்த மின்னழுத்தம் சுருளை இயக்கும் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். அதைத் தடுக்கச் சுருளின் குறுக்கே ஒரு டையோடு வைப்பர். புதிய சுருள் மாட்டும்போது டையோடு திசை மாறிவிட்டால் அதுவே குறுக்குச்சுற்றாகிவிடும்.

குறிப்பேடு: கடைசியாகச் சொன்னாலும் கடைநிலைக் கருவியன்று. எந்தக் கம்பி எங்கிருந்தது, எதை மாற்றினோம், மாற்றியபின் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றிப் பொறி ஓடிவிட்டால், எது மருந்து என்று யாருக்கும் தெரியாது.

நான் செய்த தவறு

இவ்வளவு சொல்லும் நான் ஒரு தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1998-ஆம் ஆண்டு, பிளஸ் டூ முடித்த கோடை விடுமுறை. எங்கள் ஊரில் ஓர் அண்ணன் சிறிய வீடியோ கேம் கடை வைத்திருந்தார். இரண்டு மரப்பெட்டிப் பொறிகள். பிள்ளைகளுக்கு விடுமுறையான அந்த இரண்டு மாத வருமானத்தில்தான் ஆண்டு வாடகையில் பெரும்பகுதியை அவர் கட்டுவார். ஒரு பொறியில் ஃபியூஸ் அடிக்கடி போயிற்று. "நீதான் பிசிக்ஸ் படிக்கிறவனாச்சே தம்பி, கொஞ்சம் பாரேன்" என்றார்.

புதிய ஃபியூஸ் போட்டேன், போயிற்று. இன்னொன்று, அதுவும் போயிற்று. பொறுமை இழந்து, ஃபியூஸ் இருந்த இடத்தில் செப்புக் கம்பி இழைகளை முறுக்கி வைத்துக் கட்டினேன். பொறியைப் போட்டதும் உறுமல், சில நிமிடங்களில் வாடை, பிறகு புகை. அண்ணன் ஓடிவந்து மெயினை அணைத்தார். மின்மாற்றியின் சுருள் முழுவதும் கருகிப்போயிருந்தது. புதிது கிடைத்துப் பொறி ஓடப் பன்னிரண்டு நாள்கள் ஆயின. விடுமுறைக் காலத்தின் பன்னிரண்டு நாள்கள்!

பிறகு வந்த மெக்கானிக் முதலில் 'சீரியஸ் லாம்ப்' பலகையை எடுத்தார். மின்வழியில் தொடராக ஒரு 60 வாட் இழை பல்பை இணைக்கும் எளிய பலகை அது. 230 வோல்ட்டில் 60 வாட் பல்பு 60 ÷ 230 = சுமார் 0.26 ஆம்பியருக்கு மேல் விடாது. பொறிக்குள் குறுக்குச்சுற்று இருந்தால் பல்பு முழுப் பிரகாசத்தோடு எரிந்து சொல்லிவிடும், வேறெதுவும் கருகாது. பல்பு பளிச்சென்று எரிந்தது. கருகிய மின்மாற்றியைப் பிரித்துவிட்டு, மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் நான்கு டையோடுகளையும் மல்டிமீட்டரால் அளந்தார். அவற்றில் ஒன்று இரு திசையிலும் மின்னோட்டத்தை விட்டது. ஃபியூஸ் போனதற்கு அதுதான் காரணம். அந்த டையோடின் விலை அன்று ஒரு ரூபாய்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஃபியூஸ் மூன்று முறை என்னிடம் "உள்ளே ஏதோ கோளாறு" என்று சொன்னது. நான் அதன் வாயை அடைத்தேன். போன ஃபியூஸ் பழுது அன்று. பழுதைப் பற்றிய செய்தி. இன்று வகுப்பில் மின் உருகி பற்றிய பாடம் வரும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்லாமல் நான் மேலே போவதில்லை.

நீங்களே செய்து பாருங்கள்

ஓர் எச்சரிக்கை. வீட்டு மின்சாரத்தில் சோதனை செய்யாதீர்கள். சீரியஸ் லாம்ப் பயிற்சி பெற்றவர்களின் கருவி. பழைய வண்ணப் படக்குழாய்க்குள் 20,000 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். அணைத்தபின்னும் மின்னூட்டம் தங்கியிருக்கும். கீழ்க்கண்ட சோதனைக்கு இரண்டு டார்ச் செல்களே போதும்.

தேவையானவை: இரண்டு 1.5 வோல்ட் செல்கள், ஒரு டார்ச் பல்பு, ஒரு கனத்த அட்டை, 9 குண்டூசிகள், கம்பித் துண்டுகள்.

அட்டையில் 9 குண்டூசிகளை வரிசையாகக் குத்துங்கள். அட்டையின் பின்புறத்தில் ஒன்றையடுத்து ஒன்றாக 8 கம்பித் துண்டுகளால் ஊசிகளை இணையுங்கள். முதல் ஊசியைச் செல்களின் நேர்முனையோடு இணையுங்கள். எதிர்முனையிலிருந்து ஒரு கம்பியைப் பல்பின் ஒரு முனைக்குக் கொண்டு செல்லுங்கள். பல்பின் மறுமுனையில் ஒரு நீண்ட கம்பியைக் கட்டுங்கள்; இதுவே சோதனைக் கம்பி.

முதலில் 9-ஆம் ஊசியைத் தொட்டுப் பல்பு எரிகிறதா என்று பாருங்கள். பிறகு உங்கள் நண்பர், நீங்கள் பார்க்காதபோது, பின்புறத்தில் ஏதேனும் ஓர் இணைப்பை மட்டும் அவிழ்த்துவிடட்டும். அட்டையைத் திருப்பாமல், சோதனைக் கம்பியால் ஊசிகளைத் தொட்டு அந்த இணைப்பைக் கண்டுபிடியுங்கள். 5-ஆம் ஊசியில் தொடங்குங்கள். பல்பு எரிந்தால் முதல் நான்கு இணைப்புகளும் நல்லவை. எரியாவிட்டால் பழுது அவற்றுள்தான். மூன்றே தொடுதல்களில் விடை கிடைத்தாக வேண்டும். இரண்டாவது ஊசியிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும் நண்பரோடு போட்டி வைத்துப் பாருங்கள்.

சிந்திக்க மூன்று கேள்விகள்:

1. பின்பால் மேசையில் இடத் துடுப்பு மட்டும் தளர்ந்துள்ளது. வலத் துடுப்பு வலுவாக உள்ளது. இரண்டுக்கும் மின்சாரம் தரும் பகுதியைச் சந்தேகிப்பது சரியா?

2. சோதனை அட்டையில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு இணைப்புகள் அவிழ்ந்திருந்தால், பாதியாக வெட்டும் முறையில் முதலில் எது அகப்படும்?

3. சுருளை மாற்றியதும் ஃபியூஸ் போகிறது. பழைய சுருளோடு போகவில்லை. முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

முதல் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் விடைகள் இக்கட்டுரையிலேயே உள்ளன. இரண்டாவதற்கு விடை உங்கள் அட்டையிலேயே கிடைக்கும்.

மாணவர்களே, பின்பால் மேசையை நீங்கள் வாழ்நாளில் பார்க்காமலே போகலாம். ஆனால் பம்ப்செட், மிக்ஸி, மருத்துவமனைக் கருவி, தொழிற்சாலை எந்திரம் எதுவாயினும் அதனுள் ஒரு சுருள், ஒரு ஸ்விட்ச், ஒரு ஃபியூஸ் இருக்கும். தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீசியன் பிரிவில் சேர்ந்தாலும், கல்லூரியில் இயற்பியல் படித்தாலும், கெட்டுப்போன பொறி ஒன்று ஒருநாள் உங்கள் முன் வந்து நிற்கும். அதன் பின்னால், அது ஓடினால்தான் பிழைப்பு நடக்கும் என்று ஒருவர் காத்திருப்பார். திருப்புளியை எடுக்குமுன் அவரிடம் கேளுங்கள்: "நிற்பதற்கு முன் அது என்ன செய்தது?"

பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.